ஊறுகாய் பாட்டில் சிலந்தி

எட்டுக் கண் உண்டு, மூடுவதற்கு ஓர் இமைகூடக் கிடையாது. நூல் நூற்கும், வலை கட்டாது. பூனையைப் போலப் பதுங்கும், பூனையைப் போலப் பாயும், ஆனால் உட்கார உங்கள் சுண்டுவிரல் நகம் போதும். அது என்ன? யோசியுங்கள், அவசரமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சத்திரப்பட்டியில், விசைத்தறி ஓட்டும் கனகவேலின் வீட்டு முன்னறையில், விலங்கியல் விரிவுரையாளர் சிதம்பரதாணு இந்தப் புதிரைப் போட்டபோது, கனகவேலின் மகள் கவிநயா யோசிக்கவே இல்லை. ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். "இந்தா இருக்குல்ல" என்று ஓர் ஊறுகாய் பாட்டிலைத் தூக்கி அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள். விடை அதன் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு அவரைப் பார்த்தது. தாவும் சிலந்தி.

இன்று அடுத்த ஞாயிறு, காலை எட்டரை. அதே பாட்டில் அவர் முன்னால் சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் இருக்கிறது. மூடிக்குப் பதிலாக வாயில் இரண்டு மடிப்பு பேண்டேஜ் துணி, துணியைச் சுற்றி வெள்ளை நூல். இந்த ஊரில் தெருவுக்குத் தெரு பேண்டேஜ் துணிதான் நெய்கிறார்கள். காற்று போகும், சிலந்தி போகாது, இதைவிடப் பொருத்தமான மூடி எந்த ஆய்வுக்கூடத்திலும் கிடைக்காது என்று தாணு நினைத்தார். கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று. சிலந்தியைத் தருகிறாயா அம்மா? தந்தால் என்ன ஆகும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லியாயிற்று: இது இதுவரை யாரும் பெயர் வைக்காத இனம் மாதிரித் தெரிகிறது, நிச்சயமாகச் சொல்ல வேண்டுமென்றால் ஆல்கஹாலில் போட வேண்டும், போட்டால் செத்துவிடும். ஆல்கஹால் என்றதும் கனகவேல் சிரித்தார். "நல்ல சாவுதான் சார்." அடுப்படியிலிருந்தே அவர் மனைவி மாரீஸ்வரி, "உங்களுக்கு அந்த ஆசை வேற இருக்கா" என்றாள். கவிநயா சிரிக்கவில்லை. "செத்தப்புறம் எதுக்கு சார் பாக்கணும்? இப்பவே பாத்துக்கோங்க" என்றாள். அதன் அடிவயிற்றில் மணல் அளவுக்கு ஒரு தகடு உண்டு, அதன் வடிவம்தான் இனத்துக்கு இனம் மாறும், உயிரோடு இருக்கும்போது காட்டாது என்று அவர் விளக்கினார். அப்படியே விட்டால் எவ்வளவு நாள் இருக்கும் என்று கேட்டாள். சித்திரை தாண்டுவது கஷ்டம் என்றார். பிறகு, கடைசிக்கு என்று வைத்திருந்ததைச் சொன்னார்: "பேரு வைக்கணுமில்ல, உன் பேரையே வைக்கலாம்னு இருக்கேன்." கவிநயா எதுவும் சொல்லவில்லை. மாரீஸ்வரிதான் கரண்டியோடு வெளியே வந்தாள். "எம் மக பேரா? பேப்பர்ல வருமா சார்?" "புத்தகத்துல வரும்மா. உலகம் பூரா." "அப்ப குடுத்துருடி, எட்டுக்கால் பூச்சிக்குப் போயி ரோசனை பண்ணிக்கிட்டு." கவிநயா பாட்டிலை ஸ்டூலின் நடுவுக்கு நகர்த்தி வைத்தாள். "சாப்ட்டுட்டு சொல்றேன் சார்" என்று உள்ளே போனாள். கனகவேல் கறி வாங்க வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். முன்னறையில் தாணுவும் சிலந்தியும் மட்டும்.

அவர் பார்த்தார், அது பார்த்தது. மற்றச் சிலந்திகள் இப்படிப் பார்ப்பதில்லை. வலையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு காலால் உலகத்தைத் தொட்டுத் தெரிந்துகொள்கின்றன. இது ஆளைத் திரும்பிப் பார்க்கும். முன்னால் ஸ்கூட்டர் விளக்கு போல இரண்டு பெரிய கண், அவற்றின் ஓரத்தில் இரண்டு சிறியவை, தலைமேல் பின்னால் தள்ளி நான்கு. பெரிய கண்ணின் வில்லை அசையாது, உள்ளே குழாய்போல நீண்டிருக்கும் விழித்திரைதான் அங்கும் இங்கும் நகர்ந்து எதிரில் இருப்பதைத் தடவித் தடவிப் பார்க்கும். இப்போது என்னைத் தடவிக்கொண்டிருக்கிறது, மூக்குக் கண்ணாடி, நரைத்த மீசை, சட்டைப் பை. குஞ்சாக இருக்கும்போது தோல் கண்ணாடி மாதிரி இருப்பதால் அந்த நகர்வை வெளியிலிருந்தே பார்த்துவிடலாம். அப்படிப் பார்த்துத்தான் சில வருஷம் முன்பு, இருட்டில் ஒற்றை நூலில் தொங்கித் தூங்கும் குஞ்சுகளின் விழித்திரை தூக்கத்திலேயே துடிப்பதையும், கால்கள் வெட்டி வெட்டி இழுப்பதையும் கண்டுபிடித்தார்கள். கனவாக இருக்குமோ என்று எழுதினார்கள், கனவு என்று எழுதவில்லை. அந்த ஜாக்கிரதை தாணுவுக்குப் பிடித்திருந்தது. சீனாவில் எறும்பு வேஷம் போடும் ஒரு தாவும் சிலந்தி குஞ்சுகளுக்குப் பால் கொடுக்கிறது என்றும் கண்டுபிடித்தார்கள்; பால் என்றால் பால் மாதிரி ஒன்று, அடிவயிற்றிலிருந்து சொட்டும், புரதம் பசும்பாலைப் போல நான்கு மடங்கு. வகுப்பில் சொன்னபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன், "டீ போட்டா திக்கா இருக்குமா சார்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். கண்டுபிடித்தார்கள், கண்டுபிடித்தார்கள். யாரோ, எங்கோ. பத்தொன்பது வருஷமாக அவர் அதைப் படித்து அடுத்த நாள் வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறார். நிரந்தர வேலை இல்லை, ஏப்ரலில் முடியும், ஜூனில் மறுபடி கடிதம் வரும். இந்த ஏப்ரலுக்குப் பிறகு வராது, வயது முடிந்தது. கடிதம் வராவிட்டால் கல்லூரி நுண்ணோக்கியும் இல்லை. ஊர் ஊராக ஆட்கள் அனுப்பும் சிலந்திகளுக்கெல்லாம் இது இன்னது, இது இன்னது என்று பெயர் சொல்லியிருக்கிறார். எல்லாம் வேறு யாரோ வைத்த பெயர். அவர் வைத்த பெயர் ஒன்றுகூடக் கிடையாது.

உள்ளே தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கும் சத்தம். சுர்ர். ஞாயிற்றுக்கிழமை என்பதால் தறிகள் ஓடவில்லை; பக்கத்துத் தெருவில் யாரோ அவசர ஆர்டருக்கு ஒன்றை மட்டும் ஓட்டுகிறார்கள், அந்த ஒற்றைத் தடதடப்பு மற்ற நாட்களின் இரைச்சலைவிட அதிகம் காதில் விழுந்தது. இரண்டாவது தோசை. எத்தனை சாப்பிடுவாள்? பத்து வயதுப் பிள்ளை, மூன்று. மூன்றாவது முடியும்போது சொல்லிவிடுவாள். வேண்டாம் என்றுதான் சொல்வாள். எறும்பைக்கூடப் பேப்பரில் ஏந்தி வெளியே விடுகிற வயது. ஒன்றரை மாதமாக ஈ பிடித்துப் போட்டு வளர்த்திருக்கிறாள், கோடு போட்ட நோட்டில் தேதி போட்டு எழுதியிருக்கிறாள்: இன்று ஈ 1, இன்று ஒன்றும் இல்லை, இன்று கொசு 2, மேல இருந்து குதிச்சுது. அந்த நோட்டை அவர் கேட்டு வாங்கிப் போய், போன வாரம் முழுவதும் படித்தார். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் முருங்கை மரத்தில் பிடித்தது, முதுகில் மூணு கோடு, மூணாவது கோடு நடுவுல உடைஞ்சிருக்கு. அவருடைய மாணவர்கள் எவரும் இவ்வளவு சுத்தமாகக் குறிப்பு எழுதியதில்லை. முருங்கை மரம் இப்போது இல்லை. கழிப்பறை கட்டுவதற்காக வெட்டி, கல்லைச் சுற்றிச் சிமெண்டு போட்டுவிட்டார்கள். போன ஞாயிறு மாலைவரை அவர் அக்கம்பக்கத்து முருங்கை ஒவ்வொன்றையும் குடையைக் கவிழ்த்துப் பிடித்து உலுக்கினார். கம்பளிப்பூச்சி விழுந்தது, பூ விழுந்தது, எறும்பு கழுத்துக்குள் போனது. தெருவில் ஒரு பெண் இன்னொருத்தியிடம், "மருந்துக்குப் போலருக்கு, பாவம்" என்று சொன்னது காதில் விழுந்தது. இன்னொன்று கிடைக்கவில்லை. ஆக இருப்பது ஒன்றே ஒன்று. அது இந்த பாட்டிலில் இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஓர் ஆராய்ச்சி மாணவன் பதினைந்து நாளைக்கு முன்பு இணையத்தில் ஒரு படம் போட்டிருக்கிறான், ஆண் சிலந்தி, முதுகில் மூன்று பட்டை, 'புதிதாக இருக்குமோ' என்று கீழே ஒரு வரி. அவனும் ஜாக்கிரதையாகத்தான் எழுதியிருக்கிறான். ஆனால் வயது இருபத்தாறு, முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய ஆய்வுக்கூடம். யார் முதலில் அச்சில் எழுதுகிறார்களோ அவர்களுடையது பெயர். அவ்வளவுதான் விதி.

பொறுத்திருக்கலாமே என்று ஒரு குரல் சொல்லும், எப்போதும் சொல்லும். அதுவாகச் சாகட்டும், செத்த அன்றைக்கு எடுத்துப் போட்டால் போதாதா. போதும், அன்றைக்கே பார்த்தால். அவர் ஒருமுறை பொறுத்திருக்கிறார். அப்போது முப்பத்தைந்து வயது, செண்பகத்தோப்பு ஓடையோரம் ஒரு பாறையிடுக்கில் கிடைத்தது, பச்சை வயிறு, இன்றைக்கும் கண்ணை மூடினால் தெரியும் பச்சை. இன்னும் ஒரு தோல் உரித்தால்தான் வளர்ந்த சிலந்தி, தகடு அப்போதுதான் முழுதாக உருவாகியிருக்கும். வளர்த்தார். வாடகை அறையின் ஜன்னல் திட்டில், கிண்ணத்தில் தண்ணீர் விட்டு நடுவில் டப்பாவை வைத்து, எறும்பு ஏறக்கூடாது என்று. பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் சிலந்தி தோல் உரிக்கத் தொடங்கியபோது அவர் தங்கையின் நிச்சயதார்த்தத்துக்காக சுசீந்திரத்தில் பந்தியில் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது கிண்ணத்தில் தண்ணீர் வற்றியிருந்தது. தோலுக்குள் பாதியும் தோலுக்கு வெளியே பாதியுமாகச் சிக்கி, அதன் மேல் எறும்பு வரிசை. மிச்சம் இருந்தது மூன்று கால். நாலு வருஷம் கழித்து வேறொருவர் வேறொரு மலையிலிருந்து அதே பச்சை வயிற்றுக்குப் பெயர் வைத்தார், தன் மாமனார் பெயரை. யாரிடமும் தாணு இதைச் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது, தண்ணீர் வற்றிவிட்டது. ஒரு டம்ளர் தண்ணீர். போகும்போது கிண்ணத்தை நிறைத்தோமா இல்லையா என்று மட்டும் இன்றுவரை நினைவுக்கு வரவில்லை. நிறைத்தது மாதிரியும் இருக்கிறது, கை ஈரமாக இருந்தது மாதிரியும் இருக்கிறது, அது வேறொரு நாளாகவும் இருக்கலாம்.

சட்டைப் பையில் ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது. அதற்குள் இன்னொரு தாவும் சிலந்தி. கல்லூரிச் சுவரில் நேற்றுப் பிடித்தது, எங்கும் கிடைக்கும் வகை, அதே அளவு, அதே கறுப்பு, முதுகில் பட்டைகூட உண்டு. பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க என்று சொல்லிக்கொண்டு எடுத்துவந்தார். பஸ்ஸில் வரும்போதும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார். இப்போது சொல்லிக்கொள்ள முடியவில்லை. முன்னறையில் யாரும் இல்லை, அவள் இரண்டாவது தோசையில் இருக்கிறாள், மாரீஸ்வரி வாசலுக்கு முதுகு காட்டி மாவு ஊற்றுகிறாள். துணியை அவிழ்க்க, இதை எடுக்க, அதை விட, துணியைக் கட்ட, ஒரு நிமிஷம். ஆயிரக்கணக்கில் சிலந்தி மாற்றிய விரல்கள். அவள் வேண்டாம் என்பாள், அவளுக்கு ஒரு சிலந்தி இருக்கும், எனக்கு ஒரு சிலந்தி இருக்கும். அழுகை இல்லை. சித்திரையில் அது சாகும், அவளும் அதற்குள் மறந்துவிடுவாள். கை பாட்டிலுக்குப் போய்விட்டது. கழுத்தைச் சுற்றிய நூலின் நுனியைத் தேடினார். நுனி இல்லை. நாலு சுற்று சுற்றி, இரண்டு முனையையும் ஒரு கடுகுக்கும் சிறிய முடிச்சாகப் பிணைத்து, ஒட்ட நறுக்கியிருந்தது. தறியில் இழை அறுந்தால் போடுகிற முடிச்சு. போன வாரம் கனகவேல் போட்டுக் காட்டினார், கண்ணிமைப்பதற்குள் விரல் மடிந்து நிமிர்ந்தது. மகளும் போட்டுக் காட்டினாள், அதைவிட வேகமாக. தாணுவும் முயன்றார். மூன்று முறை காட்டியும் அவர் போட்டது சாக்கு மூட்டைக்குப் போடுகிற முடிச்சாகவே இருந்தது, இரண்டு பேரும் சிரித்தார்கள். அவிழ்க்கலாம். அவிழ்த்தால் மறுபடி இப்படிக் கட்ட முடியாது. கையை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் மற்றது நினைவுக்கு வந்தது, மூன்றாவது கோடு உடைஞ்சிருக்கு என்று எழுதியவளுக்கா வித்தியாசம் தெரியாது. அதற்கும் பிறகுதான் சீட்டு. குப்பிக்குள் சிலந்தியோடு ஒரு சீட்டுப் போட வேண்டும், பென்சிலில், ஆல்கஹாலில் மை கரையும்: இடம், தேதி, சேகரித்தவர். சேகரித்தவர் யார்? கவிநயா என்று எழுதினால் கொடுத்தவள் என்று ஆகும், அவள் கொடுக்கவில்லை. தன் பெயரை எழுதினால் பொய். அதைக் காலியாக விட்டால் நூறு வருஷம் கழித்து யாரோ ஒருவன் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். ஒரு குழந்தையை ஏமாற்றத் துணிந்தவருக்கு ஒரு சீட்டை ஏமாற்றக் கை வரவில்லை. அதுகூடச் சரியில்லை, முதலில் நிறுத்தியது முடிச்சுதான், சீட்டு அதற்கப்புறம். வரிசையை மாற்றக்கூடாது.

சிலந்தி நகர்ந்தது. கால் நீட்டுவதற்குச் சிலந்திக்குத் தசை போதாது, ரத்தத்தை அழுத்தி உள்ளே தள்ளித்தான் நீட்டும், மடக்கத்தான் தசை. அதனால்தான் செத்த சிலந்தியின் கால் எல்லாம் உள்பக்கம் சுருண்டுகொள்கிறது. அந்தச் சுருண்ட காலை ஊசி வழியாகக் காற்றடித்து விரித்து, அதையே ஓர் இடுக்கியாக்கிச் சின்னச் சின்னப் பொருளைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள் அமெரிக்காவில். அதைப் படித்த அன்றைக்குத் தாணு மதியச் சாப்பாட்டை மிச்சம் வைத்தார், ஏன் என்று தெரியவில்லை. ஆயிரக்கணக்கில் போட்டிருக்கிறார் குப்பியில். ஒரு துடிப்பு, இரண்டு, பிறகு எட்டும் சுருளும். எதையும் யாரிடமும் கேட்டு எடுத்ததில்லை. பாறையிடம் கேட்டாரா, மரத்திடம் கேட்டாரா. இதைத்தான் முதன்முதலாகக் கேட்டார், கேட்டதுதான் தப்பு. கேட்டதோடு நிற்காமல் 'செத்துவிடும்' என்று வேறு சொன்னார். கட்டுரையில் அப்படி எழுதுவதில்லை, பாதுகாக்கப்பட்டது என்றுதான் எழுதுவார்கள், பாதுகாக்கப் போகிறோம் அம்மா என்று சொல்லியிருந்தால் அவள் இந்நேரம் சரி என்றிருப்பாள், தோசை சாப்பிடப் போயிருக்க மாட்டாள். சரி, அவள் மாட்டேன் என்றால் என்ன சொல்வது? பெயரை மறுபடி சொல்லலாம். கவிநயே. பெண் பெயர் என்றால் லத்தீனில் கடைசியில் அப்படி முடியும், ஒரு வாரமாகத் தன் நோட்டின் ஓரத்தில் எழுதி எழுதிப் பார்க்கிறார். தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை, சட்டம் தடுக்காது, கூச்சம் தடுக்கும். அதனால் தருவதற்கு அவர் கையில் இருப்பது இந்த ஒரு பெயர்தான், வைப்பதற்கும் இது ஒன்றுதான். யார் மறுப்பார்கள்? மாரீஸ்வரியின் முகம் கரண்டியோடு எப்படி விரிந்தது. அந்தப் பிள்ளை ஏன் ஒன்றும் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கும்.

"இன்னொண்ணு வைக்கட்டுமாடி?" "போதும்மா." "மூணுகூடத் திங்காம எந்திரிக்கா பாரு." தாணு நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டோடு நிறுத்திவிட்டாள். மனசு சரியில்லாத பிள்ளைதான் தோசையைக் குறைக்கும், அப்படியானால் மாட்டேன். அல்லது முடிவு செய்த பிள்ளை. கொல்லைப்பக்கம் குழாய் திறந்தது, நெடுநேரம் ஓடியது, மூடியது. பக்கத்துத் தெருத் தறி நின்றுவிட்டது. இழை அறுந்திருக்கும், யாரோ குனிந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பார்கள். தாணு தண்ணீர் கேட்க நினைத்தார், கேட்கவில்லை.

கவிநயா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தாள். ஸ்டூலுக்கு இந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்து, பாட்டிலைச் சுற்றி ஒரு தடவை பார்த்தாள். "எடுத்துக்கோங்க சார்" என்றாள். "நல்லா யோசிச்சியாம்மா?" "நீங்கதான் சித்திரைக்குள்ள செத்துரும்னு சொன்னீங்கள்ல. அப்பச் செத்தா குப்பையில போடணும். இப்பன்னா நீங்க வச்சுக்குவீங்க." அவர் தலையாட்டினார். அவள் பாட்டிலை இரண்டு விரலால் அவர் பக்கம் தள்ளினாள். "ஆனா என் பேரை வைக்காதீங்க." "ஏம்மா?" "செத்துப்போனதுக்கு என் பேரு வேணாம்." மாரீஸ்வரி அடுப்படி வாசலில் வந்து நின்றாள். "ஏய், சார் எவ்வளவு ஆசையா..." என்று தொடங்கினாள். முடிக்கவில்லை. மகளைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள், கரண்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "அவ சொல்றதும் சரிதான் சார். வேற ஏதாச்சும் வச்சுக்கோங்க" என்றாள். தாணு, இது சாவுக்கு வைக்கிற பெயர் இல்லை, அந்த இனம் முழுவதற்கும், இனிமேல் பிறக்கப்போவதற்கெல்லாம் வைக்கிற பெயர் என்று சொன்னார். கவிநயா கடைசிவரை கேட்டாள். பிறகு வேண்டாம் என்றாள்.

மணி ஒன்பது ஆகச் சில நிமிடம் இருந்தது. கவிநயா சிலந்தியைக் கொடுத்தாள். பெயரைக் கொடுக்கவில்லை.